ஒரே பந்தி: ஆப்பிரிக்கப் புதினங்களிலும் தமிழ்க் கிறித்தவப் புனைவிலும் விசுவாசம், அன்பு, துன்பம்

முன்னுரை

ஆப்பிரிக்கப் புதினங்களில் இடம்பெறும் கிறித்தவம், குடியேற்ற ஆட்சிக்குத் துணைநின்ற சமயம் என்ற அளவிலேயே பெரிதும் பேசப்படுகிறது. அம்மக்கள் அச்சமயத்தை ஏன் ஏற்றனர், ஏற்றபின் அதனிடம் எதை எதிர்பார்த்தனர் என்னும் வினாக்களுக்கும் அப்புதினங்களில் விடை உண்டு. மதுரை, திண்டுக்கல் வட்டாரத் திருச்சபை வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்கும்போது அவ்விடை தெளிவாகிறது.

பந்தியும் சாதியும்

அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் மதுரையிலும் 1835இல் திண்டுக்கல்லிலும் பணியைத் தொடங்கியது. நிலக்கோட்டை வட்டத்தை உள்ளடக்கிய அன்றைய மதுரை மாவட்டமே அதன் பணிக்களம். சாதியைத் துறக்காதவரைச் சபை உறுப்பினராக ஏற்பதில்லை என்று அம்மிஷன் 1847இல் முடிவு செய்தது. எல்லாச் சாதியாரும் உடனிருந்து உண்பதே அதற்குரிய சோதனையாயிற்று. உபதேசியார் பலர் பணியை விட்டு விலகினர். வேதம் கற்பித்தவர்களால் பந்தியில் அருகமர இயலவில்லை. அன்பு என்னும் போதனை முதலில் இடறியது இலையின் முன்தான்.

ஆப்பிரிக்கப் புதினங்கள்

இதே இடறலைச் சினுவா அச்செபேயின் ‘சிதைவுகள்’ (1958) காட்டுகிறது. இக்போ சமூகத்தில் தெய்வத்திற்கு நேர்ந்துவிடப்பட்ட ‘ஓசு’ மக்கள் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டவர்கள்; முடி களையவும் உரிமையற்றவர்கள். அவர்கள் ஆலயத்திற்குள் வந்தபோது எதிர்த்தவர்கள் புதிதாக மனம்மாறிய கிறித்தவர்களே. போதகர் கியாகா இணங்காமல் நின்று அவர்களை ஏற்கிறார். சடைமுடியைக் களையச் செய்கிறார். ஆட்சிக்குத் துணையான அதே சமயம் ஒதுக்கப்பட்டோருக்குப் புகலிடமாகவும் அமைந்தமையை அச்செபே மறைக்கவில்லை.

கூகி வா தியாங்கோவின் ‘இடையில் ஓடும் நதி’ (1965) மறுபக்கத்தைக் காட்டுகிறது. போதகர் ஜோஷுவாவின் மகள் முதோனி கிறித்துவையும் விடாமல், குலச்சடங்கையும் விடாமல் வாழ விழைகிறாள். தந்தை அவளைத் தம் மகளல்லள் என்று தள்ளிவிடுகிறார். சடங்கின் புண் ஆறாது அவள் இறக்கும்போதும் விசுவாசம் அவளிடம் குன்றவில்லை. குன்றியது தந்தையின் அன்பே.

‘கருக்கு’

பாமாவின் தன்வரலாற்றுப் புனைவான ‘கருக்கு’ (1992) இவ்விரு புதினங்களின் சிக்கலையும் ஒருங்கே கொண்டது. தலித் குழந்தைகளுக்குப் பணியாற்றும் விருப்பத்துடன் துறவு மடம் புகுந்தவர், அங்கும் சாதியே ஆளக் கண்டு வெளியேறுகிறார். அவர் துறந்தது மடத்தையே. ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்கும் இயேசுவை அன்று. நூற்பெயர் பனைமட்டையின் அறுக்கும் விளிம்பைக் குறிக்கும். தமிழ் விவிலியத்தின் எபிரெயர் நிருபத்தில் (4:12) இறைவார்த்தையின் கூர்மையை உணர்த்த வரும் சொல்லும் அதுவே. உடலைக் கீறிய கருக்கே நிறுவனத்தை அறுக்கும் கருவியுமாகிறது.

முடிவுரை

இம்மூன்று படைப்புகளிலும் துன்பம் விசுவாசத்தை அழிக்கவில்லை. விசுவாசிகளை அளக்கும் கோலாகிறது. திருச்சபையை இப்படைப்புகள் அளப்பது வெளியிலிருந்து கொணர்ந்த அளவுகோலால் அன்று. அது போதித்த அன்பினாலேயே. 1847இல் மதுரை மிஷன் பந்தியில் எழுப்பிய வினாவும் இதுவே: உடன் உண்ண ஒப்பாதவர் உடன் தொழுவது எவ்வாறு?