பாடும் பாடுகளும்: மன்னார்க் கரையில் விவிலியக் கதைக்குள் இடம் தேடுதல்

மன்னார்க் கரையில் ‘பாடு’ என்ற சொல்லுக்குப் பல வேலை. கடலால் வந்தவரிடம் “இண்டைக்குப் பாடு எப்படி?” என்று கேட்டால் அன்றைய மீனைக் கேட்கிறோம். கரைவலை இழுக்கும் இடத்துக்கும் பாடு என்றே பெயர். தவக்காலம் வந்ததும் அதே வாய் ‘ஆண்டவருடைய பாடுகள்’ என்கிறது. அகராதி இவற்றை எண்ணிட்டுத் தனித்தனிப் பொருளாகப் பிரித்து வைக்கலாம். விடியற்காலையில் ஒன்றையும் மாலையில் கோயில் முற்றத்தில் மற்றதையும் சொல்லும் மனிதருக்கு அந்தப் பிரிவு அவ்வளவு திடமானதல்ல. விவிலியக் கதை அன்றாட விசுவாசத்துக்குள் எப்படி இறங்குகிறது என்ற கேள்விக்கு இந்தக் கரை தரும் விடையை அச்சொல்லிலிருந்தே தேடலாம் என்று கருதுகிறேன்.

மறைக்கல்வி வகுப்புகளிலும் மறையுரைகளிலும் இன்று பரவலாக உள்ள முறை நாம் அறிந்ததே. கதையைச் சொல்வார்கள், பிறகு “இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன?” என்று கேட்பார்கள். நோவாவிடமிருந்து கீழ்ப்படிதல், யோபுவிடமிருந்து பொறுமை, தாவீதிடமிருந்து துணிவு. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, கழுவி, முத்தை எடுத்தபின் ஓட்டைக் கரையில் விட்டுவிடுவார்கள். பாடம் எடுத்தபின் விவிலியக் கதைக்கும் அந்தக் கதிதான். பாடம் தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கதை இனித் தேவையில்லை. பத்து வயதில் கற்ற அதே பாடத்தை ஐம்பது வயதிலும் சொல்லிக்கொண்டிருப்பவரிடம் வளர்ச்சி எங்கே நிகழ்ந்தது?

மன்னாரின் பழைய பழக்கம் வேறு. அங்கே மக்கள் கதைக்குள் ஓர் இடத்தில் போய் நிற்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. விசுவாச வளர்ச்சி என்பது நிற்கும் இடம் மாறுவது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இப்பழக்கத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1658இல் மன்னார் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. குருக்கள் மறைந்து திரிய வேண்டியவர்களானார்கள். ஓர் ஊர் குருவைக் காண்பதே அரிதானது. 1705இல் தலைமன்னாரில் வந்திறங்கிய கோவா நாட்டு ஒரட்டோரியன் குரு யாக்கோமே கொன்சால்வெஸ், 1742இல் இறக்கும்வரை தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்ததன் பின்னணி இதுதான். குரு போக முடியாத இடத்துக்குப் புத்தகம் போனது. அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் ஊர் கூடியிருக்க உரக்கப் படிக்கப்பட்டது, கேட்டவர்கள் அழுதார்கள். பாடுகளின் கதையை விளக்கிச் சொல்ல ஆள் இல்லாத கரையில், மூப்பரும் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரும் அக்கதையைக் குரலாலும் உடலாலும் காத்தார்கள். அது இல்லாமையில் பிறந்த மரபு. அதனாலேயே அதில் விளக்கவுரை குறைவு, பங்கேற்பு அதிகம்.

பெரிய வெள்ளியன்று நடப்பதைக் கவனிப்போம். சிலுவையிலிருந்து ஆண்டவரின் சொரூபத்தை ஆணி கழற்றி இறக்குகிறார்கள். தூம்பா என்னும் பாடையில் கிடத்திச் சுமக்கிறார்கள். பேசாலையில் ‘உடக்கு’ என்னும் சொரூபங்களைக் கொண்டு ‘பாஸ்’ என்னும் பாடுகளின் காட்சியைக் காட்டும் மரபும் உண்டு. இறந்த ஆண்டவரின் இடத்தில் இருப்பது சொரூபம். ஊரார் எவரும் அந்த இடத்தை எடுப்பதில்லை. ஊராருக்கு உரியவை மற்ற இடங்கள்: ஆணி கழற்றும் நிக்கதேம், துணி கொண்டுவரும் அரிமத்தியா யோசேப்பு, தூரத்தில் நின்று பார்க்கும் பெண்கள். இதை வெறும் மேடை வசதி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பாடுபட்டவர் ஒருவர், நாம் அவரைச் சுற்றி நிற்பவர்கள். நம் துன்பத்தை அவருடைய துன்பத்தோடு சேர்க்கலாம். அவர் இடத்தை நம்முடையதாக்கிக்கொண்டு, மற்றவர் எல்லாரையும் யூதாசும் பிலாத்தும் ஆக்க முடியாது.

நாடகத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மன்னார் மாதோட்டப் பகுதியின் நாட்டுக்கூத்துகளைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்து வெளிக்கொணர்ந்தார். ‘மூவிராசாக்கள் நாடகம்’ 1966இல் வந்தது. மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை மேடையேற்றும் எந்த ஊரும் ஏரோதுக்கு ஓர் ஆள் தேடியாக வேண்டும். குழந்தைகளைக் கொல்லப் போகும் சேவகருக்கும் ஆள் வேண்டும். அவர்கள் வேற்றூரார் அல்லர். நம் மைத்துனரும் பெரியப்பா மகனும்தான். வேஷம் கட்டியவர் கொடுங்கோலனின் சொற்களைத் தம் வாயால் பல இரவுகள் ஒத்திகையில் சொல்லியிருப்பார். ஏரோது ‘அங்கே’ இருந்த ஒருவன் மட்டுமல்ல என்பதை எந்த மறையுரையும் இவ்வளவு நெருக்கத்தில் கற்பிக்காது. 1985 ஜனவரி 6ஆம் நாள், அதே மூவிராசாக்கள் திருநாளன்று, வங்காலையில் அருட்தந்தை மேரி பஸ்தியன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஊரில் அதன்பின் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை யார் படித்தாலும் கதைக்கும் கரைக்கும் இடையே தூரம் இருக்காது.

இனி, கடற்கரை மறையுரைகளில் அதிகம் எடுக்கப்படும் பகுதி: லூக்கா 5. இரவெல்லாம் உழைத்து ஒன்றும் அகப்படவில்லை, ஆண்டவர் சொன்னார், வலை கிழியும் அளவுக்கு மீன். இந்த இடத்தில் நிறுத்திவிட்டு ‘விசுவசித்தால் உன் வலையும் நிரம்பும்’ என்று முடிப்பது இப்போது பெருகிவிட்டது. இது கதையின் கழுத்தை நெரிப்பது. மீன்பாடு வந்த பிறகுதான் கதை தொடங்குகிறது. நன்றி சொல்ல வேண்டிய பேதுரு, தாம் பாவி என்று காலில் விழுகிறார். பதினோராம் வசனத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த மீனை யார் விற்றார் என்று லூக்கா சொல்லவே இல்லை. நடுவில் ஏழாம் வசனம் இருக்கிறது. வலை கிழியும்போது அவர்கள் மறு படகிலுள்ள கூட்டாளிகளுக்குச் சைகை காட்டி அழைக்கிறார்கள். கிரேக்க மூலத்தில் அங்கே ‘மெத்தொகோய்’, பத்தாம் வசனத்தில் ‘கொய்னொனோய்’. முன்னது தொழிலில் பங்காளி. பின்னதன் வேரிலிருந்து வந்த ‘கொய்னொனியா’தான் திருத்தூதர் பணிகள் நூலில் தொடக்கத் திருச்சபையின் ஒன்றிப்பைக் குறிக்கும் சொல். பங்குக்கு வலை இழுத்தவர்களிடமிருந்தே ‘பங்கு’ என்னும் திருச்சபை எழுந்தது என்று தமிழில் சொன்னால், கரைவலை ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படாத நிலை இன்று மன்னாரில் உவமை அல்ல. பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும், கரையில் றோலர் என்று சொல்லும் தமிழக இழுவைப்படகுகள் வந்து போன காலையில் அறுந்த வலையே மிஞ்சும். இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. அந்தச் சட்டம் நியாயமானது, அது நடைமுறையாக வேண்டும். ஆனால் விவிலியத்தைக் கையில் வைத்திருப்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் படகில் கூலிக்கு வருபவர்களில் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் பூசை காண்பவர்கள் உண்டு. கச்சதீவு அந்தோனியார் திருநாளில் இரு கரையாரும் ஒரே பந்தலில் முழந்தாளிடுகிறார்கள். ‘மறு படகு’ அவர்களுடையதுமா? லூக்காவின் மறு படகு அழைத்தபோது வந்தது, ஒரே வலையிலிருந்து எடுத்தது, சேர்ந்தே அமிழத் தொடங்கியது. அழையாமல் வந்து அள்ளிப்போகும் படகைக் கூட்டாளி என்று அழைக்க இந்த வாசகம் இடம் தராது. ஆனால் கூலியாளைப் படகு முதலாளியோடு ஒன்றாக எண்ணிச் சபிக்கவும் இடம் தராது. கதைக்குள் நின்று வாசிப்பவருக்கு இரண்டும் ஒருங்கே கேட்கும்; பாடம் தேடுபவருக்கு ஒன்றுதான் கிடைக்கும்.

கடினமான இடத்துக்கு வருகிறேன். மன்னார்க் கத்தோலிக்கரின் நினைவு இரத்தத்தில் தொடங்குகிறது. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்றவர்களை 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். ஏறக்குறைய 600 பேர் என்பது மரபு. தோட்டவெளியில் அவர்கள் நினைவு போற்றப்படுகிறது. ஒல்லாந்தர் காலத்தில், மரபுப்படி 1670இல், மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தோடு காட்டுக்குள் ஓடியவர்கள் மடுவில் தங்கினார்கள். 2008 ஏப்ரலில் அதே சொரூபம் போர் நெருங்கியதால் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டது. எகிப்துக்கு ஓடிய குடும்பத்தின் கதை இம்மக்களுக்கு இரவலாக வந்ததல்ல. ஓடுபவரின் இடத்தில் இவர்கள் நியாயமாகவே நின்றார்கள்.

ஆயினும் அந்த இடத்திலேயே குடியிருப்பது ஆபத்து. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் வெறுமையாயின. மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் படகுகளில் கற்பிட்டிக் கரையில் போய் இறங்கினார்கள். அவர்கள் நம்மோடு ஒரே தமிழைப் பேசியவர்கள், ஒரே கடலில் தொழில் செய்தவர்கள். லூக்கா 10இல் அடிபட்டுக் கிடந்தவனாக நாம் நம்மைக் கண்டிருக்கிறோம். நல்ல சமாரியனாகக் காண ஆசைப்பட்டிருக்கிறோம். அந்தச் சாலையில் விலகிப்போன குருவும் லேவியனும் உண்டு. அந்த ஒக்டோபரில் நம்மில் பெரும்பாலோர் நின்ற இடம் அதுதான். துப்பாக்கிக்கு முன் வாய் திறக்க முடியவில்லை என்பது உண்மை. லூக்காவின் குருவுக்கும் கள்வர் பயம் இருந்திருக்கும். நற்செய்தி அதைக் கணக்கில் எடுக்கவில்லை. போர் முடிந்தபின் திரும்பி வந்தவர்களோடு காணிக்கும் கடற்றுறைக்கும் பிணக்கு எழுந்தபோது அதே சாலை மறுபடி நம் முன்னால் கிடந்தது.

மறுப்பு ஒன்று வரும்: துன்பப்பட்ட மக்களிடம் போய்த் தன் குற்றத்தைத் தேடு என்று சொல்வது அநீதி அல்லவா? அரசும் படையும் செய்தவற்றை இது மறைக்காதா? மறைக்காது. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் அரசின் ஆணைக்குழு முன், வன்னியில் 1,46,679 பேரின் கதி என்ன என்று கணக்கோடு கேட்டார். தொடக்கநூலின் நான்காம் அதிகாரத்தில் காயீனிடம் கடவுள் கேட்கும் கேள்வி அது: சகோதரன் எங்கே? அந்தக் கேள்வியை அரசிடம் கேட்ட திருச்சபை, தன்னிடமும் கேட்டால்தான் கேள்விக்கு முழு வலு உண்டு. சகோதரன் எங்கே என்பது எருக்கலம்பிட்டியைப் பற்றியதும்தான்.

ஆகவே மன்னார்ப் பங்குகளின் மறைக்கல்வி ஆசிரியர்களிடமும் அண்ணாவிமாரிடமும் ஒரு வேண்டுகோள். மூவிராசாக்களை எழுதிய கரைக்கு நல்ல சமாரியனை எழுதத் தெரியும். லூக்கா 10ஐ வாசாப்பு நாடகமாக எழுதுங்கள். குருவின் வேஷத்தையும் லேவியன் வேஷத்தையும் ஊரின் மதிப்புக்குரியவர்களுக்குக் கொடுங்கள். முதல் இரவு ஆடும்போது எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் ஆட்களை அழைத்து முன்வரிசையில் இருத்துங்கள்.