ஒரு வார இறுதி, பல பெயர்கள்: 1913-இன் ஈஸ்டர் பேரிடர்

1913-ஆம் ஆண்டில் புனித வெள்ளி மார்ச் 21 அன்றும் ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 23 அன்றும் வந்தன. அந்த வார இறுதியிலும் அதையடுத்த சில நாட்களிலும் அமெரிக்காவின் நடுப்பகுதி கடுங்காற்று, சுழற்காற்று, பெருவெள்ளம், பனிப்பொழிவு ஆகிய நான்கையும் கண்டது. பல மாநிலங்களில் சேர்த்து 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆயினும் இவை அனைத்தையும் ஒன்றாகச் சுட்டும் பெயர் எதுவும் பொதுமக்கள் நினைவில் நிலைக்கவில்லை. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரம் அதனை ‘ஈஸ்டர் சுழற்காற்று’ என்றது. ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரம் ‘டேட்டன் பெருவெள்ளம்’ என்றது. ஊருக்கு ஒரு பெயராகப் பிரிந்தபோது, நிகழ்வுகளுக்கு இடையே இருந்த தொடர்பு மறைந்தது.

அத்தொடர்பு வெள்ளிக்கிழமையிலேயே தொடங்குகிறது. அன்று பேரேரிப் பகுதியிலும் மத்திய மேற்கிலும் வீசிய கடுங்காற்று தந்திக் கம்பங்களையும் தொலைபேசிக் கம்பிகளையும் பரவலாகச் சாய்த்தது. அக்கால வானிலைக் கணிப்பு முழுவதும் தந்தியையே நம்பியிருந்தது. பல ஊர்களின் காற்றழுத்தம், வெப்பநிலை, மழையளவு ஆகியவை தந்தி வழியே வாஷிங்டனை அடைந்தன. அவற்றைக்கொண்டு வரைபடம் தீட்டப்பட்டது. எச்சரிக்கைகள் அதே கம்பிகளின் வழியே ஊர்களுக்குத் திரும்பின. கம்பிகள் அறுந்தபோது, அடுத்து வருவதைக் காணும் கண்ணும் அறிவிக்கும் வாயும் ஒருசேரப் பழுதுபட்டன.

ஞாயிறு மாலை ஏறத்தாழ ஆறு மணிக்குச் சுழற்காற்று ஒமாஹாவைத் தாக்கியது. சுமார் 100 பேர் மாண்டனர். ஏறத்தாழ 2,000 வீடுகள் சிதைந்தன. அடுத்துவந்த நாட்களில் இடிபாடுகளின்மீது பனி பொழிந்தது. இங்கே குறை கம்பிகளில் மட்டும் இருக்கவில்லை, சொல்லிலும் இருந்தது. 1880-களில் ராணுவத்தைச் சேர்ந்த ஜான் ஃபின்லி சுழற்காற்றை முன்கணிக்க முயன்றார். ஆனால் ‘டொர்னாடோ’ என்னும் சொல்லே மக்களிடையே பீதியைக் கிளப்பும் என்று கருதிய அதிகாரிகள், முன்னறிவிப்புகளில் அச்சொல்லைத் தவிர்க்கச் செய்தனர். அதன் இடத்தில் ‘கடுமையான உள்ளூர்ப் புயல்கள்’ என்ற மழுப்பலான தொடர் நின்றது. 1938 வரை இக்கட்டுப்பாடு நீடித்தது. ஆகவே 1913-இல் கம்பிகள் அறாமல் இருந்திருந்தாலும், ஒமாஹா மக்கள் தம்மை நோக்கி வந்ததன் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஏறத்தாழ 1,000 கி.மீ. கிழக்கே டேட்டனில் நிலை வேறு. கிரேட் மயாமி ஆற்றுடன் துணையாறுகள் கலக்கும் இடத்தில் அமைந்த நகரம் அது. ஈஸ்டர் நாளில் தொடங்கிய மழை, ஏற்கெனவே நீர் ஊறியிருந்த நிலத்தில் நாள்கணக்கில் பெய்தது. ஆற்றுப்படுகையின் பல இடங்களில் 200 மி.மீ.-ஐத் தாண்டியது. செவ்வாய்க் காலையில் கரைகள் உடைந்தன. நகரின் நடுவே சில இடங்களில் ஆறு மீட்டர் உயரம்வரை நீர் நின்றது. எரிவாயுக் குழாய்கள் உடைந்து தீயும் பரவியது. மக்கள் வீடுகளின் பரண்களிலும் கூரைகளிலும் இரவைக் கழித்தனர். தொலைபேசி நிலையத்தில் சிக்கிக்கொண்ட ஊழியர் ஒருவர், எஞ்சிய இணைப்பொன்றின் வழியே ஆளுநர் ஜேம்ஸ் காக்ஸுக்கு நிலைமையைத் தெரிவித்துக்கொண்டிருந்தார். ஓஹையோவில் மட்டும் 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பெயர் ஊரோடு ஒட்டியதால் விளைந்த நன்மையையும் மறுப்பதற்கில்லை. டேட்டன் மக்கள் அதே ஆண்டில் 20 லட்சம் டாலருக்கும் மேல் நிதி திரட்டினர். பரணில் இருந்தபோது செய்துகொண்ட வாக்குறுதியை மறவாதீர் என்பதே அவர்களுக்கு நினைவூட்டப்பட்ட முழக்கம். 1914-இல் மாநிலச் சட்டம் பிறந்தது. 1915-இல் மயாமி நீர்ப்பாதுகாப்பு மாவட்டம் அமைந்தது. பொறியாளர் ஆர்தர் மார்கன் வடிவமைத்த ஐந்து அணைகள் 1922-இல் நிறைவுற்றன. வழக்கமான நாட்களில் ஆறு அவற்றின் திறந்த வழிகளில் தடையின்றி ஓடும். வெள்ளக் காலத்தில் மட்டும் மிகுநீர் அணைகளின் பின்னே தேங்கி, மெல்ல வடியும். அதன்பின் டேட்டன் அவ்வாறு மூழ்கவில்லை.

ஆனால் ஊரின் பெயரில் பிறந்த தீர்வு அந்த ஆற்றுப்படுகைக்குள்ளேயே நின்றது. நாடு முழுமைக்குமான வெள்ளத் தடுப்புச் சட்டம் 1936-இல்தான் வந்தது. சுழற்காற்றுக்கோ அணை கட்ட இயலாது. முன்கூட்டியே சொல்லப்படும் சொல் ஒன்றே அதற்குக் காப்பு. ஓக்லஹோமாவின் விமானப்படைத் தளமொன்றில் இரு ராணுவ வானிலையாளர்கள் வெளியிட்ட சுழற்காற்று முன்னறிவிப்பு பலித்த நாள் 1948 மார்ச் 25. ஒமாஹாவின் ஈஸ்டருக்கு அப்போது 35 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பேரிடர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இழப்பு மிகுந்த ஊரிலிருந்து தொடங்குகின்றனர். அவ்வாறு எழுதினால் 1913-இல் எவரையும் நேரடியாக மூழ்கடிக்காத, ஆனால் இரு நகரங்களையும் எச்சரிக்கையின்றி விட்ட புனித வெள்ளிக் காற்றுக்கு வரலாற்றில் இடமில்லாமல் போகும். அதற்கு இன்றுவரை தனிப்பெயர் இல்லை. பெயர் பெறாத அந்த நாளே மற்ற இரண்டையும் இணைக்கும் கண்ணி.