சிராங்கூன் கடைவீடுகளின் மரப்படிகள்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை ஒட்டிய டன்லப் தெருவிலும் கேம்பல் லேனிலும் நிற்கும் பழைய கடைவீடுகள், அதாவது கீழே வணிகமும் மேலே குடியிருப்புமாகப் பொதுச்சுவரால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டப்பட்ட கட்டடங்கள், வெளியே செங்கல்லும் சுண்ணாம்பும் ஓடுமாகத் தோன்றினாலும், உள்ளே மரத்தையே நம்பியவை. ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நீண்ட உத்திரங்களே மாடித் தளத்தைத் தாங்கின. உத்திரம் எட்டும் நீளமே கடையின் அகலத்துக்கும் எல்லையாயிற்று. இடம் குறுகலாக இருந்ததால் மாடிப்படி சுவரோரமாகச் செங்குத்தாக ஏறியது. மாடியைத் தனியே வாடகைக்கு விட்ட வீடுகளில் அது அஞ்சடியிலிருந்தே, அதாவது 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் ராஃபிள்ஸ் வலியுறுத்திய, கடை முகப்பையொட்டிய கூரையிட்ட நடைபாதையிலிருந்தே தொடங்கியது.

மலாயாக் காடுகளின் செங்கால் மரம் கறையானையும் அழுகலையும் இயல்பாகவே எதிர்க்கும் வன்மரமாதலால், வசதியுள்ளோர் அதை விரும்பினர். மற்றவர்கள் மெராந்தி போன்ற மலிவான மரங்களைக் கொண்டு சமாளித்தனர். எந்த மரமானாலும் ஆபத்து பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்திலிருந்தே வருகிறது. மிதிபலகைகளின் முனைகள் செருகப்பட்டிருக்கும் சாய்வான பக்கப்பலகை சுவரைத் தொட்டு நிற்பதால், ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் இவ்வூரில், சுவரில் ஏறும் ஈரம் நேரே மரத்துக்குள் இறங்குகிறது. நிலத்தடிக் கறையானும் அந்த இடுக்கிலேயே மண்குழாய் கட்டி மேலேறுகிறது. சுத்தியலின் பிடியால் தட்டும்போது திண்ணென்று ஒலிக்க வேண்டிய பலகை பொள்ளலாக ஒலித்தால், மேற்பூச்சு எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே மரம் மிஞ்சவில்லை என்றே கொள்ள வேண்டும்.

ஆயினும் இப்படிகளின் வரலாற்றில் கறையானைவிட வாடகைச் சட்டத்துக்கே பங்கு அதிகம். குடியிருப்பு நெருக்கடி அதற்கும் முந்தையது: சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய்ந்து டாக்டர் சிம்ப்சன் 1907இல் அளித்த அறிக்கை, வெளிச்சமும் காற்றும் புகாத சிற்றறைகளாகக் கடைவீடுகள் தடுக்கப்பட்டிருந்ததைக் கண்டித்துப் பின்சந்துகள் வேண்டுமென்றது. போருக்குப்பின் 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாடு ஏழைக் குடித்தனக்காரர்களைக் காத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் உயராத வாடகையை வாங்கிய உரிமையாளருக்குப் பலகை மாற்ற மனமில்லை, உள்வாடகைக்கு இருந்தவருக்கோ அது தம் சொத்தில்லை. எல்லோரும் மிதித்த படியை எண்ணெய் பூசிப் பேணும் பொறுப்பு எவருக்கும் இல்லாமற் போயிற்று. அச்சட்டம் 2001இல்தான் முற்றிலும் நீக்கப்பட்டது.

அதற்குள் 1989 ஜூலை 7 அன்று இத்தெருக்கள் அடங்கிய லிட்டில் இந்தியா பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டு, இயன்றவரை பழையதைத் தக்கவைத்தல், உரிய முறையில் மீட்டமைத்தல், கவனமாகப் பழுதுபார்த்தல் என்ற நெறியை நகர மறுசீரமைப்பு ஆணையம் வகுத்தது. கூரை, பொதுச்சுவர், உத்திரம் ஆகியவற்றோடு மாடிப்படியும் காக்க வேண்டிய உறுப்பாக அதில் இடம்பெற்றது. கெட்டுப்போன மிதிபலகையை மட்டும் அகற்றி ஒத்த மரத்தைப் பொருத்துவது இந்நெறிக்கு இசைந்த வேலை. முழுப்படியையும் பிடுங்கிக் கான்கிரீட் வார்ப்பது அன்று. ஒழுகும் கூரையையும் ஈரச் சுவரையும் முதலில் சரிசெய்யாமல் வார்னிஷ் பூசுவது, எவ்வளவு விலையுயர்ந்த வார்னிஷானாலும், வீண்செலவே.