வெட்டப்பட்ட சீட்டு: காக்ஸ் டவுன், திருப்பூர், சில பழைய பனியன்கள்

பழம்பொருள் ஏக்கம் எல்லாப் பழம்பொருள்களையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. பெங்களூரின் காக்ஸ் டவுனை முன்வைத்து இதைப் பேசலாம். 1809-இல் படைமுகாமாக எழுந்து, கன்னடத்தில் 'தண்டு' என்று வழங்கப்பட்ட கண்டோன்மெண்டின் ஒரு பகுதி அது. 1898-இன் பிளேக் நோய்க்குப் பின் நெரிசலைக் குறைக்க விரிந்த குடியிருப்புகளுள், 1910-இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஃபிரேசர் டவுனை ஒட்டி அமைந்தது; கலெக்டராக இருந்த அலெக்சாண்டர் ரேங்கன் காக்ஸின் பெயரைத் தாங்கியது. படையைத் தொடர்ந்து வந்து தங்கிய தமிழர்களும் ஆங்கிலோ-இந்தியரும் முஸ்லிம்களும் வாழ்ந்த இந்நிலப்பரப்பு, 1947 வரை மைசூர் அரசின் நேரடி ஆட்சிக்கு வெளியே இருந்தது. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் வீதியில் கன்னடமும் உருதுவும் என்ற வாழ்க்கை இங்கே மூன்று நான்கு தலைமுறைகளாகப் பழகிப்போன ஒன்று.

இத்தகைய வீடுகளின் பரண்களில் இரு வகைப் பழமைகள் சேர்ந்தன. ஒன்று காகிதம்: திரைப்படப் பாட்டுப் புத்தகம், சிவகாசி நாட்காட்டிப் படம், தீப்பெட்டி மேலொட்டு. மற்றொன்று துணி: ஆங்கில ராக் இசைக்குழுக்களின் பெயரும் சின்னமும் பதித்த டி-சட்டை. முதலாவது எடைக்குப் போனது; இரண்டாவது இன்று 'விண்டேஜ்' என்ற பெயரோடு விலை பெறுகிறது.

பாட்டுப் புத்தகத்தின் வரலாற்று மதிப்பை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1931 அக்டோபர் 31-இல் வெளியான 'காளிதாஸ்' உள்ளிட்ட தொடக்ககாலப் பேசும்படங்கள் பலவற்றின் பிரதிகள் இன்று இல்லை. நடிகர் பட்டியலும் கதைச்சுருக்கமும் பாடல்களும் தாங்கிய அந்த மெல்லிய ஏடுகளே பல படங்களுக்கு எஞ்சிய சான்று. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. 'பிலிம் நியூஸ்' ஆனந்தனின் தொகுப்பைத் தமிழக அரசு வாங்கியது. ஆனால் கண்டோன்மெண்டின் திரையரங்குகளில் தமிழ்ப்படம் பார்த்தோர் வாங்கிய புத்தகம் எந்த மாநிலத்தின் மரபு? கர்நாடகத்துக்கு அது அயல்மொழி. தமிழகத்துக்கு அது எல்லைக்கு அப்பால்.

இதில் மொழி அரசியலின் நிழலும் உண்டு. 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பாயத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி நகரில் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. அல்சூர் ஏரியருகே அதே ஆண்டு நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்ட் 9-இல் திறக்கப்படும் வரை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. காக்ஸ் டவுனிலிருந்து அது தொலைவன்று. 2020 செப்டம்பரில் 'ஹிந்தி தெரியாது போடா' என்ற டி-சட்டை தமிழகத்தில் பரவியபோது, எழுத்தை மார்பில் அணிவது சென்னையில் ஒரு விளையாட்டான வீம்பாக இருக்க முடிந்தது. அதே தமிழெழுத்துக்குப் பெங்களூரில் வேறு எடை. ஆங்கில எழுத்துக்கோ அங்கே எவரும் கணக்குக் கேட்டதில்லை.

2007 மார்ச் 17-இல் அயர்ன் மெய்டன், 2011 அக்டோபர் 30-இல் மெட்டாலிகா என அரண்மனை மைதானத்தில் நடந்த இசை நிகழ்ச்சிகள் பெங்களூரை ராக் நகரமாக நிறுவின. கறுப்பு டி-சட்டை அவற்றின் சீருடை. (கருஞ்சட்டை என்றதும் 1940களின் திராவிடர் கழகத்தை நினைக்கும் தமிழ் வாசகர் புன்னகைக்கலாம், அந்தக் கறுப்புக்கு ஒரு கொள்கை இருந்தது.) இன்றைய ஏக்கம் இந்தத் துணியைச் சுற்றியே நூற்கிறது. ஆனால் அந்தத் துணி எங்கே நூற்கப்பட்டது என்ற கேள்வி அதற்குள் நுழைவதில்லை.

'பனியன்' என்ற சொல்லிலேயே ஒரு கடல்வணிக வரலாறு இருக்கிறது. குஜராத்தி வணிகரைக் குறித்த 'வாணியா' போர்ச்சுகீசியர் வாயிலாக ஆங்கிலத்தில் 'பன்யன்' ஆகி, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியரின் தளர்ந்த மேலங்கிக்குப் பெயராகி, பின்னர் இந்திய உள்ளாடைக்குத் திரும்பியது. அமெரிக்கக் கடற்படை உள்ளாடையாக வழங்கிய சட்டை வெளியாடையாக மாற 1950களின் ஹாலிவுட் துணைசெய்தது. அதன்மீது படம் அச்சிடுவதைப் பெருந்தொழிலாக்கியது 1959-இல் வந்த பிளாஸ்டிசால் மை. அந்த மையில் விழும் வெடிப்பைத்தான் சேகரிப்பாளர்கள் இன்று முதுமையின் அழகாக மதிக்கிறார்கள். காலத்தை அறிய அவர்கள் தையலையும் பார்ப்பார்கள். 1990களின் நடுப்பகுதி வரை அமெரிக்கச் சட்டைகளின் கைவிளிம்பு பெரும்பாலும் ஒற்றைத் தையல்; பின்னர் இரட்டை ஊசித் தையல். திருப்பூர்த் தொழிலாளி 'பேட்லாக்' என்று சொல்லும் இயந்திரம் போடும் அந்த இணைகோடு, சேகரிப்பாளருக்கு 'இது பழையதன்று' என்பதற்கான அடையாளம். தொழிலாளிக்கு அது அன்றைய கூலி.

1978-இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் வந்ததிலிருந்து ஏற்றுமதிக் கதையைத் தொடங்குவது திருப்பூர் வழக்கம். அதைவிட 1984-இலிருந்து தொடங்குவதே பொருத்தம். பஞ்சப்படி கோரி அவ்வாண்டு நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. அதையடுத்த ஆண்டுகளில் உற்பத்தி சிறுசிறு கூடங்களுக்குச் சிதறியதையும், கவுண்டர் சமூகத்துத் தொழிலாளர் சிலர் முதலாளிகளாக எழுந்ததையும் சரத் சாரி 'ஃபிரட்டர்னல் கேபிடல்' நூலில் ஆராய்ந்திருக்கிறார். ஏற்றுமதிப் பெருக்கமும் துணை ஒப்பந்தமும் சேர்ந்தே வளர்ந்தன. கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங் என ஒரு சட்டை பல கைகளில் பிரிந்தது.

கறுப்பு நிறத்துக்குத் தனிக்கதை உண்டு. பருத்தியில் அடர்நிறம் ஏற்றச் சாயத்தோடு பெருமளவு உப்பு வேண்டும். துணி பற்றாத சாயமும் உப்பும் கழிவுநீரில் போகும். நொய்யலாற்றின் குறுக்கே பாசனத்துக்கென 1992-இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானது; கீழே விளைநிலங்கள் உவர்த்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதே ஆண்டு அக்டோபரில்தான் அரண்மனை மைதானம் கறுப்பால் நிறைந்தது. இரண்டையும் காரண காரியமாக இணைக்கச் சான்றில்லை. ஆயினும் ஒரே ஆண்டின் வரலாற்றில் இரண்டும் அருகருகே நிற்கத் தகுந்தவை.

வெளிநாட்டுக் கொள்முதலாளர் கேட்ட எண்ணிக்கைக்குச் சற்றுக் கூடுதலாகத் தைப்பது தொழிலின் நடைமுறை. பழுது, ரத்தான ஆர்டர், தாமதமான கப்பல் ஆகியவற்றால் மிஞ்சியவை 'செகண்ட்ஸ்' ஆகிக் காதர்பேட்டைக்கும், அங்கிருந்து 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்ற பெயரில் பெங்களூர்க் கடைகளுக்கும் வந்தன. கடல்கடந்த இசைக்குழுவின் பெயரோடு, முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவிலிருந்து வந்த சட்டையைத் தண்டின் இளைஞர்கள் அயல்நாட்டுப் பொருளாக அணிந்தனர். கப்பலேறிய அதன் உடன்பிறப்புகள் சிலவற்றின் முடிவு இன்னும் விசித்திரமானது: மேலைநாட்டார் கழித்த உடைகள் கண்ட்லா வழியே இந்தியா வந்து, பானிப்பட்டில் கந்தலாகிக் கம்பளி இழையோடும் கலக்கின்றன.

இனி ஆவண நுட்பம் ஒன்று. லண்டனிலோ டோக்கியோவிலோ ஒரு பழைய டி-சட்டையைக் கையிலெடுப்பவர் முதலில் கழுத்துச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பார். நிறுவனம், அளவு, செய்த நாடு ஆகியவை அங்கே இருக்கும். பெங்களூரில் விற்ற உபரிச் சட்டைகளில் அச்சீட்டு பெரும்பாலும் வெட்டப்பட்டோ குறுக்கே கோடிடப்பட்டோ இருந்தது. கொள்முதல் நிறுவனத்தின் பெயர் உள்ளூர்ச் சந்தையில் புழங்கக்கூடாதென்பதே காரணம். அவ்வெட்டோடு 'மேட் இன் இந்தியா'வும் போயிற்று. ஆகவே பிறந்த ஊருக்கு அருகிலேயே தங்கிவிட்ட சட்டையில்தான் பிறந்த நாட்டின் பெயர் இல்லை. காக்ஸ் டவுன் வீட்டு அலமாரியொன்றில் அத்தகைய சட்டை கிடைத்தால், ஆய்வாளர் மார்பின் படத்தை விட்டுவிட்டுக் கழுத்தின் உட்புறத்தைப் பார்க்கலாம்: தையலுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் அரை அங்குல வெள்ளை நாடா, அதன் வெட்டுவிளிம்பு, மேலே ஓடும் ஓவர்லாக் இழை.