வேகத்துக்கு யார் சாட்சி?

செல்போன் சிக்னலை அளக்கக் கருவிகளையும் போன்களையும் காரில் ஏற்றிக்கொண்டு பொறியாளர்கள் தெருத்தெருவாகச் சுற்றினார்கள். கார் நுழையாத சந்துக்குக் கணக்கே இல்லை. 2016-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணைய வேகத்தை அளக்கும் ‘மைஸ்பீட்’ செயலியை வெளியிட்டதும் அளக்கும் வேலை வாடிக்கையாளர் கைக்கும் வந்தது.

கூடவே வம்பும் வந்தது. 2017-இல், ‘ஸ்பீட்டெஸ்ட்’ நடத்தும் ஊக்லாவின் முடிவைக் காட்டி, இந்தியாவின் அதிவேக நெட்வொர்க் தானே என்று ஏர்டெல் விளம்பரம் செய்தது. ஜியோ கொதித்தது. அதன் வாதம் சுவாரசியமானது: இங்கே பல போன்களில் இரண்டு சிம், ஜியோ டேட்டாவில் நடந்த சோதனைகூட இன்னொரு சிம்மின் கணக்கில் ஏறிவிடுகிறதாம். ஊக்லா அசையவில்லை. விளம்பரத் தர மன்றமோ விளம்பரத்தைத் திருத்தச் சொன்னது.

அதே ஆண்டு டிராயின் வேகப் பட்டியலில் முதலிடம் ஜியோவுக்கு! இதில் மர்மம் ஏதுமில்லை. எந்தப் போன், எந்த நேரம், எந்த சர்வர் என்பதைப் பொறுத்து எண் மாறும்.