கோடை வராத ஆண்டில் ஒரு பேய் மாளிகை



பேய்க்கதை நமக்குப் புதிதன்று. லயத்து வீடுகளில் மின்சாரம் இல்லாத காலத்தில், மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து மோகினியைப் பற்றியும் பொந்தியானாக்கைப் பற்றியும் கேட்டுவிட்டு, இரவில் வெளியே போகத் துணைக்கு ஆள் தேடியவர்கள் நாம். பிறகு அந்த வேலையைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது.

2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள், இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் தன் 'டாக்டர் ஹூ' தொடரில் ஒரு பேய் மாளிகைக் கதையை ஒளிபரப்பியது. காலத்தைக் கடந்து எந்த நூற்றாண்டுக்கும் போய்வரக்கூடிய டாக்டர் என்பவரே அத்தொடரின் தலைவர். அந்தப் பகுதியில் அவர் பெண்ணாகத் தோன்றுகிறார். தோழர்கள் மூவருடன், 1816 ஜூன் மாதத்து மழையிரவு ஒன்றில், சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரையில் இருக்கும் ஒரு மாளிகைக்கு வந்து சேர்கிறார். உள்ளே இருப்பவர்கள் எழுத்தாளர்கள். சிறிது நேரத்தில் வீடு விளையாடத் தொடங்குகிறது. ஓர் அறையை விட்டு வெளியேறினால் அதே அறைக்குள் வந்து நிற்கிறார்கள். எலும்புக் கையொன்று தானாக ஊர்ந்து வருகிறது. முடிவில் வருங்காலத்திலிருந்து வந்த, பாதி மனிதனும் பாதி இயந்திரமுமான ஓர் உருவம் எதிரே நிற்கிறது.

எலும்புக் கையும் இயந்திர மனிதனும் கற்பனை. ஆனால் மாளிகையும் மழையும் அந்த எழுத்தாளர்களும் கற்பனை அல்லர். அந்த இரவுகளின் உண்மைக் கதை தொலைக்காட்சிக் கதையைவிட நம்மை அதிகம் நடுங்கச் செய்வது என்பது எங்கள் எண்ணம். அதில் ஒரு பாதி நமக்கு அருகிலேயே, இந்தத் தென்கிழக்காசியத் தீவுகளில் நடந்தது என்பதும் ஒரு காரணம்.

மாளிகையின் பெயர் டியோடாட்டி. ஜெனீவா நகருக்கு அருகில் கொலோனி என்னும் ஊரில் இருக்கிறது. அதில் பேய் உலாவியதாக யாரும் சொன்னதில்லை. ஆங்கிலக் கவிஞர் மில்டன் அங்கே தங்கியதாக மட்டும் ஒரு பேச்சு வழங்கிவந்தது. வீடு கட்டப்பட்டதோ அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு! பழைய வீடு என்றால் கதை தானாக ஒட்டிக்கொள்ளும் போலும்.

1816 ஜூனில் அதை வாடகைக்கு எடுத்தவர் பைரன் பிரபு. இங்கிலாந்தில் புகழின் உச்சியில் இருந்த கவிஞர். மனைவி பிரிந்துபோக, கடன் நெருக்க, ஊரார் வாய்க்கு அஞ்சி நாட்டை விட்டு வந்தவர். வயது 28. அவருடன் வந்த மருத்துவர் ஜான் போலிடோரிக்கு வயது 20 தான். பக்கத்தில் இன்னொரு சிறு வீட்டில் கவிஞர் ஷெல்லி தங்கியிருந்தார். அவருக்கு 23. அவரோடு மேரி காட்வின் என்னும் 18 வயதுப் பெண், அவர்களுடைய கைக்குழந்தை வில்லியம், மேரியின் மாற்றாந்தாய் மகள் கிளேர். ஷெல்லிக்கு இங்கிலாந்தில் மனைவி இருந்தார். மேரியோடு அவருக்கு அப்போது திருமணம் ஆகவில்லை. கிளேர் பைரனின் குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். இத்தனை சிக்கல்களையும் ஒரு கூரையின்கீழ் அடைத்து வைத்தது மழை.

மழை என்றால் என்ன என்று நமக்குச் சொல்லவேண்டியதில்லை. பால்மரம் நனைந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லை என்றால் கூலி இல்லை. அந்தப் பிரபுவுக்கு மழை வெறும் சலிப்பு. ஆனால் அதே மழையில் சுவிட்சர்லாந்தின் உழவர்கள் வயலில் பயிர் அழுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டி விலை ஏறியது. அடுத்த ஆண்டுக்குள் ஏழைகள் பாசியையும் காட்டுக் கீரையையும் தின்னும் நிலைக்கு வந்தார்கள். ஐரோப்பாவின் பல பகுதிகளிலும் இதே கதை. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஜூன் மாதத்தில் பனி பெய்தது. அந்த 1816-ஐ வரலாற்றில் 'கோடை இல்லாத ஆண்டு' என்றே குறிக்கிறார்கள்.

மாளிகையில் இருந்தவர்கள் பொழுதைப் போக்க, ஜெர்மன் மொழியிலிருந்து பிரெஞ்சுக்கு வந்த பேய்க்கதைத் தொகுப்பு ஒன்றை உரக்கப் படித்தார்கள். பிறகு பைரன் ஒரு யோசனை சொன்னார்: ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம்!

ஜூன் 18-ஆம் நாள் இரவு நடந்ததைப் போலிடோரி தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பைரன் ஒரு கவிதையை ஓதினார். கேட்டுக்கொண்டிருந்த ஷெல்லி திடீரென்று அலறிக்கொண்டு வெளியே ஓடினார். போலிடோரி அவர் முகத்தில் தண்ணீர் தெளித்து, ஈதர் மருந்து கொடுத்துத் தேற்றினார். அந்த மாளிகையில் உண்மையாகவே அலறல் கேட்ட இரவு இதுதான். அலற வைத்தது பேயன்று, கவிதை.

அந்த நாட்குறிப்புக்கும் ஒரு கதை உண்டு. பைரனின் பயணத்தைப் பற்றிக் குறிப்பெழுதி வரும்படி போலிடோரிக்கு 500 பவுன் தருவதாகச் சொன்னார் ஒரு பதிப்பாளர். பிற்காலத்தில் போலிடோரியின் தங்கை அதைப் படி எடுத்தார்; தகாதவை என்று தமக்குப் பட்ட வரிகளை விட்டுவிட்டு, மூலத்தை எரித்துவிட்டார். எஞ்சியது 1911-இல்தான் அச்சேறியது. தம்மைத் தவிர எல்லாரும் கதை எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்று ஜூன் 17-ஆம் நாளில் அதில் குறித்திருக்கிறார். மேரியோ, 1831-இல் எழுதிய முன்னுரையில், பல நாள் தமக்குக் கதையே தோன்றவில்லை, காலைதோறும் மற்றவர்கள் கேட்கும்போது இல்லை என்று சொல்லத் தாம் கூசியதாக நினைவுகூர்கிறார். இரண்டில் எது சரி? அன்றன்று எழுதிய குறிப்புக்கே நாம் கூடுதல் மதிப்புக் கொடுப்போம். ஆயினும் கதை எங்கிருந்து பிறந்தது என்பதைச் சொல்ல மேரியை விட்டால் வேறு சாட்சி இல்லை.

பைரனும் ஷெல்லியும் உயிர் என்பது என்ன என்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இத்தாலியில் கால்வானி என்னும் அறிஞர் செத்த தவளையின் காலை மின்சாரத்தால் துடிக்க வைத்திருந்தார். 1803-இல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவனுடைய உடலின்மீதே அத்தகைய சோதனையை அவருடைய உறவினர் அல்டினி செய்து காட்டினார். பிணத்தை எழுப்ப முடியுமா? மேரி வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தார். படுத்தபின் உறக்கம் வரவில்லை. தான் உருவாக்கிய உடல் அசையக் கண்டு அஞ்சி ஓடும் ஒரு மாணவன் மனக்கண்ணில் தோன்றினான்.

அந்தப் பெண்ணுக்குச் செத்தவர்கள் எழுவது வெறும் பேச்சுப்பொருளாக இருந்திருக்க முடியாது. அவருடைய தாய் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், 1792-லேயே பெண்களின் உரிமைக்காக நூல் எழுதியவர்; இந்த மகளைப் பெற்ற சில நாள்களில் இறந்தார். 1815 பிப்ரவரியில் மேரிக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மார்ச் 6-ஆம் நாள் அது இறந்து கிடந்தது. சில நாள் கழித்து, குழந்தை சாகவில்லை, குளிரில் விறைத்துத்தான் கிடந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்துவிட்டது என்று கனவு கண்டதாக மேரி தம் குறிப்பேட்டில் எழுதினார். விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

'பிராங்கன்ஸ்டைன்' 1818 ஜனவரி 1-ஆம் நாள் வெளிவந்தது. அச்சிட்டவை 500 படிகள். ஆசிரியர் பெயர் இல்லை. ஷெல்லிதான் எழுதியிருப்பார் என்று பலர் எண்ணினார்கள். 1823-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் மேரியின் பெயர் அச்சாயிற்று. பிராங்கன்ஸ்டைன் என்றால் பூதத்தின் பெயர் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது படைத்தவனின் பெயர். பூதத்துக்குப் பெயரே வைக்கவில்லை. வைக்கவேண்டியவன் அதன் கண் திறந்ததுமே ஓடிப்போனான். ஆதரவின்றி அலைந்த அந்த உயிர், போன இடமெல்லாம் அடிபட்ட பிறகுதான் கொலை செய்கிறது. முதலில் சாகும் சிறுவனுக்கு மேரி தம் மகனின் பெயரையே, வில்லியம் என்று வைத்தார். அந்த மகனும் 1819-இல் ரோம் நகரில் இறந்தான்.

போலிடோரியின் 'வேம்பயர்' கதையும் 1819-இல் வந்தது. ஆனால் பைரன் எழுதியது என்று போட்டு வெளியிட்டார்கள். இரத்தம் குடிக்கும் கனவானை ஆங்கிலக் கதையில் உலவவிட்ட அந்த இளைஞர் 1821-இல் மாண்டார். ஷெல்லி 1822-இல் கடலில் மூழ்கினார். பைரன் 1824-இல் கிரேக்க நாட்டில் காய்ச்சலில் இறந்தார். மேரி 1851 வரை இருந்தார்.

இனி, அந்த மழைக்கு வருவோம். அது எங்கிருந்து வந்தது என்று மாளிகையில் இருந்த யாருக்கும் தெரியாது. ஜெனீவாவுக்கு 12,000 கிலோமீட்டருக்கும் அப்பால், ஜாவாவுக்குக் கிழக்கே சும்பாவா என்னும் தீவில் தம்போரா என்றொரு மலை. 1815 ஏப்ரல் 5-ஆம் நாள் அது வெடிக்கத் தொடங்கியது. ஜாவாவில் இருந்த ஆங்கிலேயர்கள் பீரங்கிச் சத்தம் என்று நினைத்து யோக்யகர்த்தாவிலிருந்து படையை நகர்த்தினார்கள். ஏதோ கப்பல் ஆபத்தில் இருப்பதாகக் கருதிப் படகுகளை அனுப்பினார்கள். அப்போது ஜாவாவை ஆண்டவர், நான்கு ஆண்டுகள் கழித்துச் சிங்கப்பூருக்கு வந்து இறங்கிய அதே ராஃபிள்ஸ்தான். ஏப்ரல் 10-ஆம் நாள் மலை முழுவதுமாக வெடித்தது. சுமத்திரா வரை முழக்கம் கேட்டது. வானத்தின் உயரத்துக்குச் சென்ற கந்தகப் புகை உலகைச் சுற்றிப் படர்ந்து, சூரிய ஒளியை மறித்தது. ஐரோப்பாவின் கோடையைத் தின்றது அதுதான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அறிஞர்களுக்கு நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

ஜெனீவாவில் ஐந்து பேர் என்ன பேசினார்கள் என்பது நாள் கணக்கில் நமக்குத் தெரிகிறது. சும்பாவாவிலும் பக்கத்துத் தீவுகளிலும் தீயாலும் சாம்பலாலும், பிறகு பசியாலும் நோயாலும் இறந்த பல்லாயிரக்கணக்கானோரில் ஒருவருடைய நாட்குறிப்பும் இல்லை. ராஃபிள்ஸ் அரிசி கொடுத்து அனுப்பிய அதிகாரி, பாதையோரங்களில் பிணங்களையும் ஆளற்ற ஊர்களையும் கண்டதாக எழுதினார். தம்போரா என்ற சிற்றரசே அழிந்தது. அங்கே பேசிய மொழியும் அதனோடு போயிற்று. யாரோ முன்பே குறித்துவைத்த சில பத்துச் சொற்களே மிஞ்சின.

2004-ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் அந்த மலைச்சரிவில் தோண்டினார்கள். ஏறக்குறைய மூன்று மீட்டர் சாம்பலுக்கும் கல்லுக்கும் கீழே, கரியாகிப் போன ஒரு வீடு இருந்தது. உள்ளே மண்பாண்டங்களும் வெண்கலக் கிண்ணங்களும், வீட்டைவிட்டு ஓட நேரமில்லாமற்போன இருவருடைய எலும்புகளும் கிடந்தன.