கயிறு திரித்த கதை

யாராவது கதை அளந்தால் "சும்மா கயிறு திரிக்காதே" என்கிறோம். ஆனால் நிஜமாகவே கயிறு திரித்தவர் பொய் சொல்ல முடியாது. முறுக்கு சரியில்லை என்றால் சுமையே அறுந்து விழுந்து காட்டிக் கொடுத்துவிடும்.

கயிறு எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, கட்டையால் அடித்து நார் எடுப்பார்கள். கற்றாழை, புளிச்சை ஆகியவற்றிலிருந்தும் நார் எடுப்பதுண்டு. நாரை முறுக்கினால் புரி. இரண்டு மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால் கயிறு. புரி ஒரு பக்கம் பிரியப் பார்க்கும், கயிறு மறுபக்கம் பிரியப் பார்க்கும். இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதால் பசையே தேவையில்லை!

வேலைக்கு ஒரு பெயரும் உண்டு. தடித்தது வடம். மாட்டைக் கட்டுவது தாம்பு. மூக்கில் கோப்பது மூக்கணாங்கயிறு. வைக்கோலைத் திரித்தால் பழுதை.

எங்கள் பாகாயம் இருக்கும் வேலூர்ப் பகுதியில் பாலாறு பெரும்பாலும் வறண்டே கிடக்கும். விவசாயத்துக்கு ஏரியை விட்டால் கிணறுதான். மாடுகள் சரிவில் இறங்கி இழுக்க, கவலைச் சால் மேலே வரும். சாலின் அடியில் தோலால் தைத்த வால் இருக்கும். சாலை இழுப்பது வடம். வாலின் வாயைத் தூக்கிப் பிடிப்பது மெல்லிய வால்கயிறு. வால்கயிறு தளர்ந்தால் தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே கொட்டிவிடும். ஒரு வயலின் விளைச்சலே அந்தக் கயிற்றின் அளவில் இருந்தது.

தோல் தண்ணீரில் ஊறி அழுகுவது இன்னொரு தொல்லை. 1903-ல் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். எளிதில் அழுகாத அந்தத் தோல் கவலைக்கும் பயன்பட்டது. வேடிக்கை என்னவென்றால், கிணறுகளுக்கு எண்ணெய் இன்ஜின் பம்புகளைப் பரப்ப முயன்றவரும் அவரேதான். பின்னால் மின்மோட்டார் வந்தது, கவலை போனது.

குரோம் தோல் இன்று ஆம்பூரில் காலணியாகிறது. வடம் தேரில் தங்கிவிட்டது. வால்கயிறுக்கு மட்டும் போக இடமில்லை. வேலை போனதும் சொல்லும் போய்விட்டது. கயிறு திரிப்பதில் நமக்கு மிஞ்சியது பொய் என்ற பொருள் மட்டும்தானா? உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இன்னும் பத்துப் பெயர்களாவது கிடைக்கும்.